மோட்டார்ஹோம் கூரை ஏசியை மாற்றுவதும் துணை ஏசி சேர்ப்பதும்: முழுமையான வழிகாட்டி

எங்கள் 28 அடி மோட்டார்ஹோமின் (படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டி) கூரை ஏசியை நானே மாற்றினேன். அதற்குப் பிறகு டெக்சாஸில் இருக்கும் நண்பர்கள் சிலருடைய வண்டிகளில் இதே வேலைக்குக் கூடமாட நின்றிருக்கிறேன். தடுமாற்றம் எப்போதும் அதே இடங்களில்தான் வருகிறது. பெட்டியை முதலில் வாங்கிவிடுகிறார்கள், மின்சாரக் கணக்கைக் கடைசியில் பார்க்கிறார்கள், உள்ளே காற்று ஒழுகும் சந்துகளை அடைக்காமலே மூடியை மாட்டிவிடுகிறார்கள். புதிய ஏசி நன்றாக ஓடும், ஆனால் வண்டி குளிராது.

இது அமெரிக்காவில் ஓடும், 120 வோல்ட் கூரை ஏசி உள்ள வண்டிகளுக்கான வழிகாட்டி. கீழே உள்ள வரிசையிலேயே வேலையைச் செய்யுங்கள். முதல் நான்கு படிகளில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டோம். பணம் மிச்சமாவது அந்த நான்கில்தான்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மல்டிமீட்டர் (கெப்பாசிட்டர் அளக்கக்கூடியது), இரண்டு சாதாரண வெப்பமானிகள், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), அளவு நாடா, கூர்மையான ஆணி அல்லது ஊசி, நல்ல அலுமினியத் தகடு டேப் இரண்டு சுருள், துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால், ஒட்டுப்பலகைத் துண்டுகள் இரண்டு, ஒரு பாக்கெட் ஊதுபத்தி. ஊதுபத்தி எதற்கு என்பது பத்தாவது படியில் வரும்.

ஆள் கணக்கு: கூரையில் இருவர், கீழே ஒருவர். நேரம்: முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு முழு நாள். விடியற்காலையில் தொடங்குங்கள். கோடை மதியத்தில் ரப்பர் கூரையில் முழங்கால் வைக்க முடியாது.

1. பழைய ஏசி உண்மையிலேயே போய்விட்டதா?

ஏசியை 20 நிமிடம் ஓட விடுங்கள். காற்றை உள்ளிழுக்கும் ஜாலியில் ஒரு வெப்பமானியையும், குளிர்காற்று வரும் வாய்களில் பெட்டிக்கு மிக அருகில் இருக்கும் வாயில் இன்னொன்றையும் வையுங்கள். வித்தியாசம் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் இது சற்றுக் குறைவாகக் காட்டும்.

பெட்டிக்கு அருகில் வித்தியாசம் சரியாக இருந்தும் வண்டி குளிரவில்லை என்றால், கோளாறு டக்டிலோ (கூரைக்குள் காற்றைக் கொண்டுபோகும் வழி) கூரைக்குள் ஒழுகும் காற்றிலோ கண்ணாடி வழியாக வரும் வெயிலிலோ இருக்கிறது. புதுப் பெட்டி அதைச் சரிசெய்யாது.

வித்தியாசம் குறைவாக இருந்தால் முதலில் ஃபில்டரையும் இரண்டு காயில்களையும் (காற்றைக் குளிர்விக்கும் உள் காயில், சூட்டை வெளியே விடும் வெளிக் காயில்) பாருங்கள். நாயோடு பயணம் செய்பவர்களின் வண்டியில் உள் காயில் கம்பளி போர்த்தியது போல இருக்கும். காற்று போகாத காயிலில் பனி கட்டிவிடும்.

ஃபேன் ஓடுகிறது, கம்ப்ரஸர் 'ம்ம்ம்' என்று உறுமிவிட்டு 'டக்' என்று நின்றுவிடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கம்ப்ரஸரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரை. மின்சாரத்தை முழுவதும் துண்டியுங்கள். கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்னூட்டத்தை வெளியேற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். இணைப்பு இல்லாமலே அது பலமாக அடிக்கும். மேலே அச்சிட்ட மதிப்பை விட அளவு கணிசமாகக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். என் நண்பர் ஒருவரிடம் ஒரு பழுதுபார்க்கும் கடையில் புதுப் பெட்டி போட்டே ஆக வேண்டும் என்றார்கள். கெப்பாசிட்டரை மாற்றினோம், அந்த ஏசி இன்னும் ஓடுகிறது.

குளிரூட்டும் வாயு கசிந்திருந்தால் கதை வேறு. இந்தக் கூரைப் பெட்டிகள் ஆலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டவை, வாயு நிரப்பும் வால்வு பெரும்பாலும் இருக்காது. கம்ப்ரஸர் எரிந்தாலும் வாயு கசிந்தாலும் மாற்றுவதே சரி.

2. மின்சாரக் கணக்கு

பலரும் தாண்டிப் போகும் படி இதுதான்.

30 ஆம்ப் வண்டிக்கு (வெளி மின்சாரத்தை 30 ஆம்ப் செருகியில் எடுப்பது) ஒரே ஒரு 120 வோல்ட் லைன். மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் வண்டிக்கு 120 வோல்ட் லைன்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப், ஆக 12,000 வாட். 30-க்கும் 50-க்கும் இடையே வித்தியாசம் 20 ஆம்ப் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் அது மூன்று மடங்குக்கும் மேல்.

13,500 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) பெட்டி ஓடும்போது சுமார் 12, 13 ஆம்ப் இழுக்கும். 15,000 பிடியூ அதைவிடக் கொஞ்சம் கூட. தண்ணீர் சூடாக்கும் 1,440 வாட் எலிமென்ட் 12 ஆம்ப். மைக்ரோவேவும் கிட்டத்தட்ட அவ்வளவு. பேட்டரி சார்ஜர் தனி. 30 ஆம்ப் வண்டியில் ஏசியோடு இன்னொரு பெரிய சாதனம்தான் ஓட முடியும். கூரையில் இரண்டு ஏசி வேண்டும் என்று ஆசைப்படும் முன் இதை மனதில் வையுங்கள்.

இது ஓடும்போது ஆகும் கணக்கு. கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் அதைப் போல நான்கைந்து மடங்கு மின்சாரம் பாயும். சின்ன ஜெனரேட்டர்கள் அந்தக் கணத்தில்தான் நின்றுபோகின்றன. சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறு கருவி அந்த உச்சத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவரும். ஓடும் மின்சாரத்தை அது குறைக்காது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள புதிய பெட்டிகளுக்கு அது தேவையில்லை, அவை மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும்.

ஜெனரேட்டருக்கு உயரமும் ஒரு கணக்கு. ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3.5 சதவீதத் திறன் போய்விடும். ஹோண்டா 2200 தொடர்ந்து தரக்கூடியது 1,800 வாட். கடலோர கால்வெஸ்டனில் அது சாஃப்ட் ஸ்டார்ட்டரோடு ஒரு 13,500 பெட்டியை ஓட்டும். ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபில் அதே ஜெனரேட்டர் 1,400 வாட்டைக்கூடத் தொடாது.

பேட்டரியில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-ஹவர். 1,400 வாட் இழுக்கும் ஏசியை, பேட்டரி மின்சாரத்தை 120 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் சேர்த்தால், அது முக்கால் மணி நேரம் ஓட்டும். இரவு எட்டு மணி நேரத்தில் கம்ப்ரஸர் பாதி நேரம்தான் ஓடும் என்று வைத்தாலும் அப்படி ஐந்து பேட்டரி வேண்டும்.

வோல்டேஜையும் பாருங்கள். கோடை வார இறுதியில் முகாம் நிரம்பி, எல்லோரும் ஏசி போடும்போது மின் கம்பத்தில் (முகாமில் வண்டியைச் செருகும் இடம்) வோல்டேஜ் இறங்கும். 105-க்குக் கீழே கம்ப்ரஸர் தவிக்கும், சூடாகும், ஆயுள் குறையும். 104-ல் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியை வாங்குவது, பெரிய ஏசி வாங்குவதைவிட நல்ல செலவு.

வீட்டில் 30 ஆம்ப் பிளக் பாயிண்ட் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. வீடுகளில் 30 ஆம்ப் என்றாலே துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான 240 வோல்ட்தான் எலக்ட்ரீஷியன்கள் மனதில் வரும். மோட்டார்ஹோமின் 30 ஆம்ப் என்பது 120 வோல்ட். தவறாக 240 கொடுத்துவிட்டால் வண்டியில் உள்ள பல சாதனங்கள் ஒரே நொடியில் எரியும். வண்டியைச் செருகும் முன் மல்டிமீட்டரை வைத்து அளந்துவிடுங்கள், யார் வேலை செய்திருந்தாலும் சரி.

3. மாற்றுவதா, சேர்ப்பதா?

பெட்டி பழுது என்றால் மாற்றுங்கள். பெட்டி நன்றாக இருந்தும் மதியத்தில் மட்டும் தாங்கவில்லை என்றால் முதலில் வெயிலைத் தடுக்கப் பாருங்கள். முன் கண்ணாடிக்கு வெளிப்புறத் திரை, ஓட்டுநர் பகுதிக்கும் பின்பகுதிக்கும் நடுவே தடித்த துணி, கூரை வென்ட்களுக்கு ஸ்பாஞ்சு மூடி, வெயில் விழும் பக்கம் சாய்ப்பு. சாதாரணக் கூரை ஏசி வெளி வெப்பத்தைவிட உள்ளே 20 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்தால் நல்ல வேலை. அதனால் பத்து மணிக்கே போட்டுவிடுங்கள். மரச்சாமான், மெத்தை, சுவர் எல்லாம் சூடேறிய பிறகு மூன்று மணிக்குப் போட்டால் சூரியன் மறையும் வரை அது பின்தங்கியே ஓடும்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் துணை ஏசி. அதற்குப் பதினோராவது படி.

4. அளக்க வேண்டியவை

கூரைத் துளை: வட அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் 14 அங்குலச் சதுரம், சரியாகச் சொன்னால் பதினாலேகால். இதனால்தான் ஒரு பிராண்டைக் கழற்றிவிட்டு இன்னொன்றை வைக்க முடிகிறது.

கூரையின் தடிமன்: போல்ட்டின் நீளமும் உள்பெட்டியின் (வண்டிக்குள் கூரையில் மாட்டும் பகுதி) ஆழமும் இதைப் பொறுத்தவை. நாடாவால் அளந்து எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம்.

டக்ட் உள்ளதா: கூரை முழுக்கச் சின்னச் சின்ன வாய்களில் காற்று வந்தால் டக்ட் வகை. பெட்டிக்குக் கீழேயே வந்தால் டக்ட் இல்லாத வகை. இரண்டுக்கும் உள்பெட்டி வேறு.

முன்னும் பின்னும் இடம்: சோலார் பலகை, ஆன்டெனா, வென்ட் மூடி புதுப் பெட்டியின் காற்று வழியை மறைக்கக் கூடாது.

உயரம்: புதுப் பெட்டி இரண்டு அங்குலம் உயரமானால் வண்டியும் இரண்டு அங்குலம் உயர்கிறது. பல மாநிலங்களில் சட்ட வரம்பு 13 அடி 6 அங்குலம், ஆனால் நியூயார்க் பக்கத்துப் பழைய பார்க்வே (கார்களுக்கான சாலை) பாலங்கள் அதைவிட மிகத் தாழ்வானவை.

5. வாங்குவது: மேல்பெட்டி மட்டும் போதாது

மேல்பெட்டி, உள்பெட்டி, கன்ட்ரோல் போர்டு, தெர்மோஸ்டாட் என்று நான்கு பாகம். கடையில் பெரிய எழுத்தில் இருக்கும் விலை பல நேரம் முதலாவதற்கு மட்டும்தான். பிராண்டை மாற்றினால் பழைய உள்பெட்டி பொருந்தாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்தான் இதில் சிக்கல். கோல்மன், டொமெட்டிக் இரண்டும் ஏசி பிராண்டுகள். கோல்மன் ஏசி உள்ள வண்டிகள் பலவற்றில் சாதாரண 12 வோல்ட் தெர்மோஸ்டாட், ஒவ்வொரு வயருக்கும் ஒரு வேலை. டொமெட்டிக்கின் டிஜிட்டல் வகையில் பழைய டெலிபோன் வயர் போன்ற ஒரு கேபிளில் போர்டும் தெர்மோஸ்டாட்டும் பேசிக்கொள்கின்றன. ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியாது.

இதைவிட முக்கியம்: பல டொமெட்டிக் வண்டிகளில் ஹீட்டரும் அந்த ஏசி போர்டு வழியாகத்தான் ஓடுகிறது. வேனிலில் ஏசியை மாற்றிவிட்டு, நவம்பரில் முதல் குளிர் இரவில் ஹீட்டர் வராமல் திகைத்தவர் எனக்குத் தெரிந்தே இருவர். போர்டிலிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு வயர்களைக் கண்டுபிடித்து, புது அமைப்பில் அவை எங்கே போகும் என்று தெரிந்த பிறகே பணம் கட்டுங்கள்.

எந்த வகை? துளைக்கும் மின்சாரத்துக்கும் பொருந்தினால் இன்வெர்ட்டர் வகையை நான் சொல்வேன். சாதாரணப் பெட்டி முழு வேகத்தில் ஓடி, நின்று, மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் வகை மெதுவாக இடைவிடாமல் ஓடும். சத்தம் குறைவு, ஈரத்தையும் நன்றாக இழுக்கும். விலை கூடுதல்தான். மின் கம்பத்தில் மட்டுமே ஓட்டுபவர்களுக்குச் சாதாரண 13,500 போதும்.

புதுப் பெட்டிகள் சிலவற்றில் ஆர்-410ஏ-க்குப் பதிலாக ஆர்-32 வாயு வருகிறது. அது லேசாகத் தீப்பற்றக்கூடியது. மூடிய பெட்டியாக வைத்துப் பொருத்துவதில் பயமில்லை, குழாய் அருகே துளையிடவோ சூடு வைக்கவோ மட்டும் கூடாது.

6. பழையதை இறக்குவது

மின் கம்பத்திலிருந்து செருகியை உருவுங்கள். ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், 12 வோல்ட் பேட்டரி எல்லாவற்றையும் துண்டியுங்கள். 120 மட்டும் போதும் என்று 12 வோல்ட்டை விட்டுவைப்பவர்கள் தெர்மோஸ்டாட் வயரைக் கழற்றும்போது உரசவிட்டு ஃபியூஸை எரிக்கிறார்கள்.

கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுங்கள். வயர் நிறத்தை நம்ப வேண்டாம், பிராண்டுக்குப் பிராண்டு மாறும். எந்த முனையில் எது இருந்தது என்பதுதான் முக்கியம்.

உள்மூடி, வயர்கள், பிறகு உள்ளிருந்து நான்கு போல்ட். அவ்வளவுதான் பிடிமானம், மேலே திருகாணி எதுவும் இருக்காது. பெட்டியைப் பின்பக்கமாக மெல்லச் சாய்த்து கேஸ்கெட்டை (பெட்டிக்கும் கூரைக்கும் நடுவே தண்ணீர் புகாமல் அடைக்கும் மெத்தைப் பட்டை) பிரியுங்கள், இழுக்காதீர்கள்.

பெட்டி 75 முதல் 100 பவுண்டு இருக்கும். ஏணியில் நின்றபடி தோளில் இறக்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பக்கத்தில் பண்ணையோ கிடங்கோ இருந்தால் ஃபோர்க்லிஃப்ட் அல்லது டிராக்டரின் முன்வாளியைக் கேளுங்கள், அரை மணி நேர வாடகை முதுகெலும்பைவிட மலிவு. வழியே இல்லை என்றால் சாய்த்த ஏணியைத் தண்டவாளம் போல வைத்து, மேலிருந்து இருவர் கயிறு பிடித்துச் சறுக்கி இறக்கலாம். ஏணிக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது.

பழைய பெட்டியின் குழாயை வெட்டாதீர்கள். வாயுவைக் காற்றில் விடுவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வாயுவை முறைப்படி எடுக்கும் பழைய இரும்புக் கடையிலோ நகரக் குப்பை மையத்திலோ கொடுங்கள்.

7. துளையைச் சீர்படுத்துவது

பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். ரப்பர் கூரையில் பெட்ரோலியக் கரைப்பான் எதுவும் படக்கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

ஆணியை எடுத்துத் துளையைச் சுற்றி ஓர் அடி தூரம்வரை பலகையை வெட்டு விளிம்பில் குத்திப் பாருங்கள். உள்ளே எளிதாக இறங்கினால் பலகை ஊறிவிட்டது. அதன் மேல் புதுப் பெட்டியை வைத்தால் பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அழுகல் இருந்தால் வேலையை இங்கேயே நிறுத்தி, கூரையைச் சரிசெய்த பிறகு தொடருங்கள்.

துளையின் நாலு பக்கமும் மரச்சட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டம் இல்லாத இடத்தில் போல்ட்டை இறுக்கினால் கேஸ்கெட் அமுங்காது, கூரைதான் அமுங்கும்.

8. புதியதை உட்கார வைப்பது

கூரையில் ஒட்டுப்பலகை விரித்து அதன் மேல் முழங்காலிடுங்கள். பெட்டியை நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். வழியில் படுக்க வைத்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்க ஒரு நாள் விட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

துளைக்கு அருகே தூக்கி, தூக்கியபடியே இறக்குங்கள். கேஸ்கெட்டின் மேல் பெட்டியைத் தேய்த்து நகர்த்தினால் அது கிழியும் அல்லது மடியும். வெளியே தெரியாது, முதல் மழையில்தான் தெரியும். முன்பக்கம் வண்டியின் முன்பக்கமே நோக்கட்டும்.

சீலன்ட், சிலிகான் எதுவும் வேண்டாம். சுற்றிலும் பூசிவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றும், உண்மை நேர்மாறு. கேஸ்கெட் அமுக்கத்தால் அடைக்கிறது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் கூரை வழியாகத்தான் ஓட வேண்டும், சீலன்ட் அதைத் தேக்கிவிடும். அடுத்த முறை கழற்றும்போது கூரைத் தோலும் சேர்ந்து உரியும்.

போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஓர் அங்குலக் கேஸ்கெட் அரை அங்குலம் ஆக வேண்டும். பொதுவாக 40 முதல் 50 இன்ச்-பவுண்டு, உங்கள் பெட்டியின் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி. பவர் டூல் வேண்டாம். கூடுதலாக இறுக்கினால் அடித்தட்டு வளையும், கேஸ்கெட் நசுங்கி அதன் பிறகு அடைக்கவே அடைக்காது.

9. வயரிங்

ஏசிக்குத் தனி பிரேக்கர், தனி வயர். 20 ஆம்ப் பிரேக்கருக்கு 12 கேஜ் தாமிர வயர். பெட்டியின் பெயர்ப்பலகையில் அதிகபட்ச பிரேக்கர் அளவு அச்சிட்டிருக்கும், அதைத் தாண்ட வேண்டாம்.

கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை, பச்சையோ வெற்றுத் தாமிரமோ எர்த்துக்கு. வண்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் எங்கும் சேர்க்கக் கூடாது. அவை சேரும் இடம் வெளியே, மின்சாரம் வரும் பக்கம். உள்ளே சேர்த்தால் வண்டியின் உடம்பிலேயே மின்சாரம் ஓடும், ஈரத் தரையில் நின்று கதவைத் தொடும் குழந்தைக்கு ஷாக் அடிக்கும். இதில் சிறு சந்தேகம் இருந்தாலும் இந்த ஒரு படிக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

காயில் உறைவதை உணரும் சிறு சென்சார் ஒன்று வரும். அதை உள் காயிலின் தகடுகளுக்குள் கையேட்டில் காட்டிய இடத்தில் செருக வேண்டும். தொங்கவிட்டால் காயில் உறைந்தாலும் போர்டுக்குத் தெரியாது.

10. உள்ளே காற்று வழி: பாதி வேலை இங்கேதான்

மேலே பெட்டி உட்கார்ந்து ஏசி ஓடியதும் எல்லோருக்கும் வேலை முடிந்த நிம்மதி வந்துவிடும். தயவுசெய்து இந்தப் படிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அந்த 14 அங்குலத் துளைக்குள் இரண்டு அறைகள். ஒன்றில் குளிர்காற்று இறங்குகிறது, மற்றதில் அறையின் சூடான காற்று மேலே ஏறுகிறது. நடுவே ஒரு மெல்லிய தடுப்பு. அதில் சந்து இருந்தால் குளிர்காற்று அறைக்கு வராமல் நேராகத் திரும்பி மேலே போய்விடும். குளிர்ந்த காற்றையே மறுபடி இழுக்கும் காயில் உறையும், அறை சூடாகவே இருக்கும்.

இரண்டாவது ஒழுகல் இன்னும் மறைவானது. துளையின் வெட்டு விளிம்பில் கூரைப் பலகைக்கும் உள்கூரைக்கும் நடுவே வெற்றிடம் திறந்திருக்கும். குளிர்காற்று அதற்குள் புகுந்து கூரையைக் குளிர்விக்கும். திரும்பும் பக்கத்திலோ அதே வெற்றிடத்திலிருந்து சூடான, தூசி நிறைந்த காற்று உறிஞ்சப்படும். நான் திறந்து பார்த்த வண்டிகளில் ஆலையிலிருந்தே இதைச் சரியாக அடைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்.

அடைக்கும் முறை: விளிம்புகளை ஆல்கஹாலால் துடைத்துக் காய விடுங்கள். தூசி மேல் டேப் ஒட்டாது. பெரிய இடைவெளிகளில் கெட்டியான ஃபோம் பலகையை வெட்டிச் செருகுங்கள். அதன் மேல் அலுமினியத் தகடு டேப்பை, உள்கூரை விளிம்பிலிருந்து மேல் பலகைவரை, ஒன்றின் மேல் ஒன்று அரை அங்குலம் ஏறும்படி ஒட்டித் தேயுங்கள். துணி வகை டக்ட் டேப் வேண்டாம், கூரைச் சூட்டில் அதன் பசை இளகிவிடும். நடுத்தடுப்பின் நாலு ஓரங்களையும் அப்படியே அடையுங்கள்.

அடுத்து டக்ட் வாய்கள். ஒவ்வொரு வாயின் மூடியையும் கழற்றிக் கையை விட்டுப் பாருங்கள். ஆலையில் வெட்டிய ஃபோம் துண்டு வழியை மறித்துக் கிடக்கலாம், டக்ட் ஓரம் பிரிந்து தொங்கலாம். டக்ட் கடைசி வாயைத் தாண்டியும் சில அடி நீண்டு எங்கோ முடியும். கடைசி வாயை அடுத்து ஒரு ஃபோம் கட்டையை வைத்து மூடுங்கள், அந்தக் காற்று படுக்கைக்கு வரும்.

இப்போது ஊதுபத்தி. ஃபேனை முழு வேகத்தில் வைத்து, புகையை உள்பெட்டியின் ஓரம், நடுத்தடுப்பு, டக்ட் வாய்கள் எல்லா இடத்திலும் மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே தள்ளப்படுகிறதோ, எங்கே தேவையில்லாமல் உறிஞ்சப்படுகிறதோ, அங்கே சந்து. எங்கள் வண்டியில் இதை அடைத்ததும் படுக்கையறைக் கடைசி வாயில் வந்த காற்றின் வேகத்தைக் கையால் உணர முடிந்தது. பெட்டியை மாற்றும் முன்பே இதைச் செய்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் தோன்றும்.

11. துணை ஏசி சேர்ப்பவர்களுக்கு

படுக்கையறை வென்ட் துளையில் இரண்டாவது கூரை ஏசி: துளை அதே 14 அங்குலம் என்பதால் எளிதாகத் தெரியும். ஆனால் அது வென்ட்டின் எடைக்காகச் செய்த துளை, நூறு பவுண்டுக்கு அல்ல. சுற்றிலும் சட்டம் அடிக்க வேண்டியிருக்கலாம். அது அவசரத்தில் தப்பிக்கும் வழியாகக் குறிக்கப்பட்ட மூடி என்றால் தொடவே வேண்டாம். 30 ஆம்ப் வண்டியில் இதற்கு நல்ல வழி, வண்டியின் பக்கவாட்டில் தனியாக ஒரு 20 ஆம்ப் இன்லெட் வைத்து, முகாம் கம்பத்தில் 30-க்குப் பக்கத்திலேயே இருக்கும் 20 ஆம்ப் பாயிண்டிலிருந்து தனிக் கேபிள் இழுப்பது.

ஜன்னல் ஏசி: பணத்துக்கு மிக நல்ல பலன் இதில்தான். 5,000 பிடியூ பெட்டிக்கு நாலைந்து ஆம்ப் போதும், ஒரு படுக்கையறைக்குத் தாராளம். பின்பாதி முழுவதும், பக்கத் துவாரங்கள் உட்பட, வண்டிக்கு வெளியே இருக்க வேண்டும். சாமான் பெட்டிக்குள் வைத்துச் சின்னத் துளை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தான் கக்கிய சூட்டையே இழுத்து அது அரை மணி நேரத்தில் நின்றுவிடும். வெளியே தாங்கு சட்டம் இல்லாமல் ஜன்னலில் வைத்திருந்தால் வண்டி கிளம்பும் முன் இறக்கிவிடுங்கள்.

மினி ஸ்பிளிட் (வீட்டு ஸ்பிளிட் ஏசி போல உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி): சத்தமும் மின்சாரமும் மிகக் குறைவு. வண்டியிலேயே வாழ்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். 120 வோல்ட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெளிப்பெட்டியைப் பின்பக்கச் சட்டத்தில் அதிர்வு ரப்பரோடு பொருத்தி, தாமிரக் குழாயில் ஒரு சுற்று வளையம் விடுங்கள். சாலை அதிர்வில் முதலில் விரிசல் விடுவது குழாய் முனைதான். விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. வாயு நிரப்பிய குழாயோடு வரும் வகை அல்லாமல் மற்றதற்குச் சான்றிதழ் பெற்ற டெக்னீஷியன் வேண்டும்.

12 வோல்ட் கூரை ஏசி: ஜெனரேட்டர் இல்லாமல் இரவில் தூங்க விரும்புபவர்களுக்கு. 700 வாட் கருவி 12 வோல்ட்டில் 58 ஆம்ப் இழுக்கும். வயர் தடிமனை இந்த எண்ணுக்குப் பாருங்கள், பேட்டரி அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள்.

உருட்டி வைக்கும் ஒற்றைக் குழாய் ஏசி: தவிருங்கள். அறையின் காற்றையே வெளியே தள்ளுவதால், அந்த இடத்தை நிரப்ப வெளிச் சூடு எல்லாச் சந்துகளிலும் உள்ளே வரும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் இரட்டைக் குழாய் வகை.

12. சோதனை, முதல் பயணத்துக்குப் பிறகு

மின்சாரம் கொடுத்ததும் முதலில் ஃபேன் மட்டும், பிறகு கூலிங். நிறுத்தினால் மூன்று நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். உள்ளே அழுத்தம் சமமாகும் முன் கிளம்பினால் கம்ப்ரஸர் திணறும்.

20 நிமிடத்துக்குப் பிறகு முதல் படியில் அளந்ததை அதே இடங்களில் மறுபடி அளந்து, உள்மூடியின் உட்புறத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு சந்தேகம் வரும்போது ஒப்பிட ஒரு எண் இருக்கும். ஹீட்டரையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

கூரையில் தண்ணீர் வடிவது சகஜம், ஹியூஸ்டன் போன்ற ஈரமான ஊரில் நிறையவே வடியும். உள்ளே சொட்டினால்தான் கவலை. ஏசி ஓடும்போது மட்டும் சொட்டினால் வடிகால் துளை அடைப்பு அல்லது வண்டி சாய்வு. மழையில் மட்டும் சொட்டினால் கேஸ்கெட்.

வண்டியின் புது உயரத்தைத் தரையிலிருந்து அளந்து ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். சில நூறு மைல் ஓடி, ஒன்றிரண்டு வெயில் நாள் பார்த்த பிறகு உள்மூடியைக் கழற்றி நான்கு போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். கேஸ்கெட் படிந்து அவை சற்றுத் தளர்ந்திருக்கும். அதே எதிரெதிர் மூலை வரிசையில், அரை அங்குலக் கணக்குக்கு மறுபடி கொண்டுவந்துவிட்டு மூடியை மாட்டுங்கள்.